ஹார்டுவேர் கடையிலிருந்து சாஃப்ட்வேர் வரை

வாசகர், கும்பகோணம்: எங்கள் தெருமுனையில் 'பெயின்ட்ஸ் அண்ட் ஹார்டுவேர்ஸ்' என்ற பலகையோடு ஒரு கடை இருக்கிறது. கீல், தாழ்ப்பாள், திருகாணி, குழாய் எல்லாம் அங்கே கிடைக்கும். கணினிக்குள் இருப்பதையும் 'ஹார்டுவேர்' என்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்தானா? அப்படியானால் 'சாஃப்ட்வேர்' என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: ஒரே சொல்தான். இரண்டில் மூத்தது கடைப்பலகையில் இருப்பது.

'வேர்' என்ற பின்பகுதிக்கு ஆங்கிலத்தில் விற்பனைச் சரக்கு என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் 'வாரு' என்று வழங்கிய சொல் இது. ஜெர்மன் மொழியில் இன்றும் 'வாரெ' என்றால் சரக்குதான். சரக்கை அடுக்கி வைக்கும் கிடங்கு 'வேர்ஹவுஸ்' ஆனதும் இதனால்தான். மண்ணால் செய்த சரக்கு 'எர்தன்வேர்', கண்ணாடிச் சரக்கு 'கிளாஸ்வேர்', வெள்ளிச் சரக்கு 'சில்வர்வேர்' என்று ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் 15ஆம் நூற்றாண்டில் தோன்றிய சொல்தான் 'ஹார்டுவேர்'. பூட்டு, சாவி, ஆணி, கீல், கத்தி முதலான சிறு உலோகச் சரக்குகளை அது குறித்தது. அவற்றை விற்பவர் 'ஹார்டுவேர்மேன்' எனப்பட்டார். நம் ஊர்களில் இரும்புக்கடை என்று சொல்லிவந்ததும் ஏறத்தாழ இதையேதான். ஆகவே உங்கள் தெருமுனைக் கடைக்காரர் அந்தச் சொல்லை அதன் முதற்பொருளிலேயே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்.

கடையிலிருந்து இந்தச் சொல் முதலில் படைக்குப் போனது. துப்பாக்கி, பீரங்கி போன்ற தளவாடங்களையும் 'ஹார்டுவேர்' என்று சொல்லத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பொறியாளர்களுக்கு இது பழகிய சொல்லாகிவிட்டது. 1946 பிப்ரவரியில், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உருவான எனியாக் என்ற மின்னணுக் கணிப்பொறி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட இயந்திரம் அது. அதில் தாமே வேலை செய்து பழகியிருந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரீ, 1947இல் வெளியான தம் உரையில் அதைக் குறிக்க 'ஹார்டுவேர்' என்ற சொல்லை ஆண்டார். அங்கே அவர் அதை மேற்கோள்குறிக்குள் இட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். கல்விமான்களின் எழுத்தில் அச்சொல்லுக்கு அன்று இன்னும் கடைவீதி வாசனை இருந்தது என்பதையே அந்தக் குறி காட்டுகிறது.

'ஹார்டுவேர்' வந்த கையோடு 'சாஃப்ட்வேர்' ஏன் வரவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் சுவையான கேள்வி. விடை எனியாக்கின் உடலிலேயே இருக்கிறது. அந்த இயந்திரத்துக்குப் புதிய கணக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டுமானால், பலகைகளில் செருகிய கம்பிவடங்களைப் பிடுங்கி வேறு துளைகளில் செருகி, நூற்றுக்கணக்கான ஆளிகளைத் திருப்பி வைக்க வேண்டும். செய்ய வேண்டிய வேலை முழுவதும் கம்பியின் இணைப்பாகவும் ஆளியின் நிலையாகவும் இயந்திரத்தோடு ஒட்டிக் கிடந்தது. தனியாகப் பிரித்துப் பெயர் சூட்ட அங்கே ஒன்றுமே இல்லை. 1948 ஜூன் 21 அன்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய சோதனை இயந்திரம், தன் நினைவகத்திலேயே சேமித்து வைத்த நிரல் (கட்டளைத் தொடர்) ஒன்றை முதன்முறையாக இயக்கிக் காட்டியது. அதன்பின் நிலைமை மாறியது. நிரலைத் துளையட்டையிலும் நாடாவிலும் எழுதி வைக்கலாம், எடுத்துச் செல்லலாம், இன்னோர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம், அதே இயந்திரத்தில் இன்று ஒன்றும் நாளை ஒன்றுமாக ஏற்றலாம் என்றானபோதுதான், இயந்திரம் வேறு, அதை நடத்தும் கட்டளைகள் வேறு என்ற பிரிவினை கண்ணுக்குத் தெரிந்தது. நிரல், குறிமுறை, துணைநிரல் என்று தனித்தனிப் பெயர்கள் இருந்தனவே தவிர, அவை அனைத்தையும் சேர்த்துச் சொல்ல ஒரு பொதுப்பெயர் இல்லை. அந்தக் குறையை நிரப்பியதுதான் 'சாஃப்ட்வேர்'.

வாசகி, திண்டுக்கல்: 'ஃபுட்வேர்', 'மென்ஸ்வேர்' என்று கடைகளில் எழுதியிருப்பதும் இந்த 'வேர்'தானா?

பதில்: இல்லை. அது அணிதல் என்று பொருள்படும் வேறொரு சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எழுத்துக்கூட்டு வேறு, மூலமும் வேறு. ஒலிப்பு ஒன்றாக இருப்பதால் தமிழ் எழுத்தில் வேறுபாடு மறைந்துவிடுகிறது. காலணி அணியப்படுவது என்பதால் 'ஃபுட்வேர்'. கணினிச் சொற்களில் வருவது சரக்கைக் குறிக்கும் 'வேர்' மட்டுமே.

வாசகர், யாழ்ப்பாணம்: 'சாஃப்ட்வேர்' என்ற சொல்லை உருவாக்கியவர் யார்?

பதில்: கணினித் துறைப் பொருளில் இந்தச் சொல் அச்சில் வந்த மிகப் பழைய இடமாக அறிஞர்கள் காட்டுவது, 1958 ஜனவரி மாத 'அமெரிக்கன் மேதமேட்டிகல் மன்த்லி' இதழில் ஜான் டூக்கி எழுதிய கட்டுரை. டூக்கி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பெல் ஆய்வகத்திலும் பணியாற்றிய புள்ளியியல் அறிஞர். இரும எண்முறையின் இலக்கத்தைக் குறிக்கும் 'பிட்' என்ற சொல்லும் அவர் தந்ததுதான். கிளாட் ஷானன் தகவல் கோட்பாட்டை நிறுவிய 1948ஆம் ஆண்டுக் கட்டுரையில், அச்சொல்லை முன்மொழிந்தவர் டூக்கி என்று பெயர் சொல்லியே குறித்திருக்கிறார். கணினியுலகின் இரண்டு அடிப்படைச் சொற்களோடு ஒரு புள்ளியியலாளரின் பெயர் சேர்ந்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

அந்த 1958ஆம் ஆண்டுக் கட்டுரை கணிதம் கற்பிப்பதைப் பற்றியது. அதில் போகிற போக்கில் ஒரே வாக்கியத்தில் இச்சொல் வருகிறது. கவனமாகத் திட்டமிட்டு எழுதிய நிரல்மாற்றிகளும் தொகுப்பிகளும் (நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி பெயர்ப்பவை) தானியங்கு நிரலாக்கத்தின் பிற கூறுகளும் அடங்கிய 'சாஃப்ட்வேர்', குழாய்கள், டிரான்சிஸ்டர்கள், கம்பிகள், நாடாக்கள் ஆகியவற்றாலான 'ஹார்டுவேர்' அளவுக்காவது இன்றைய மின்னணுக் கணிப்பானுக்கு முக்கியம் என்பது அதன் கருத்து. இரண்டு சொற்களையும் டூக்கி மேற்கோள்குறிக்குள்தான் வைக்கிறார். இந்த வாக்கியத்தை நிதானமாகப் படித்தால் ஒன்று புலப்படும். நாடாவை அவர் 'ஹார்டுவேர்' பக்கத்தில் வைக்கிறார். நாடா தொட்டால் மென்மையானதுதான். ஆனாலும் அது கையால் பிடிக்கக்கூடிய பொருள். அதன்மேல் பதிந்துள்ள கட்டளைகள் மட்டுமே மறுபக்கம் சேருகின்றன. 'ஹார்டு' என்பது தொடக்கத்தில் உலோகத்தின் கடினத்தை நேராகவே குறித்தது. 'சாஃப்ட்' அப்படி எந்தப் பொருளின் மென்மையையும் குறித்து எழவில்லை. 'ஹார்டு' என்பதற்கு எதிர்ச்சொல்லாக நின்று, எளிதில் மாற்றி எழுதத்தக்கது என்ற கருத்தைத் தாங்குகிறது.

இந்த முதல் ஆட்சியைக் கண்டெடுத்துச் சொன்னவர் யேல் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியின் நூலகர் ஃபிரெட் ஷப்பிரோ. பழைய ஆய்விதழ்களை மின்வடிவில் சேமித்துள்ள ஜேஸ்டோர் களஞ்சியத்தில் தேடி, டூக்கி மறைந்த 2000ஆம் ஆண்டில் அவர் இதை வெளிப்படுத்தினார். சொல்லை மேற்கோள்குறிக்குள் இட்டுப் புதிதுபோலக் காட்டுகிறார் என்பதால், டூக்கியே உருவாக்கினார் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆய்வகப் பேச்சில் அது முன்பே இருந்திருக்கவும் கூடும். பால் நிக்கெட் என்ற நிரலாளர், 1953இலேயே தாம் அதைச் சொன்னதாகப் பின்னாளில் எழுதினார். அது அவருடைய நினைவை நம்பி நிற்கும் கூற்று. அச்சுச் சான்றையே அளவுகோலாகக் கொண்டால் டூக்கியின் பெயரைச் சொல்வதுதான் முறை என்பது என் கருத்து.

கணினிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இந்த இணைச்சொற்கள் வேறொரு தொழிலில் இருந்தன என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சார்லஸ் டிக்கன்ஸ் ஆசிரியராக இருந்த 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' வார இதழில், லண்டன் மாநகரின் குப்பை மேடுகளைப் பற்றி 1850இல் ஒரு கட்டுரை வந்தது. மேடுகளில் குப்பையைச் சலித்துப் பிரிப்போர், உடைந்த மட்பாண்டம், பீங்கான், சிப்பி ஓடு போன்றவற்றை 'ஹார்டு-வேர்' என்று ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். புதிய சாலை போட அது விலைக்குப் போயிற்று. அழுகி மட்கக்கூடிய காய்கறிக் கழிவும் விலங்குக் கழிவும் 'சாஃப்ட்-வேர்' எனப்பட்டன. வயலுக்கு உரமாக அவை விலைபோயின. கணினிச் சொல் இதிலிருந்து பிறந்தது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஆனால் அந்தத் தொழிலாளர்களின் வாயிலும் 'வேர்' என்பது விலைக்குப் போகும் சரக்கு என்ற பொருளில் மாறாமல் நின்றது.

வாசகர், ஈரோடு: 'வேர்' என்றால் விற்பனைச் சரக்கு என்று ஒப்புக்கொண்டால், கையால் தொடவே முடியாத நிரலைச் சரக்கு என்று எப்படிச் சொல்வது?

பதில்: சொல் பிறந்தபோது நிரல் சரக்காகவே இல்லை. 1950களிலும் 60களின் பெரும்பகுதியிலும் ஐபிஎம் போன்ற நிறுவனங்கள் இயந்திரத்தை விற்றன அல்லது வாடகைக்கு விட்டன. நிரல்களைத் தனி விலையின்றி அதனோடு சேர்த்தே கொடுத்தன. பெயர் சரக்கு என்றது, வணிகம் அதை இலவச இணைப்பாக நடத்தியது. 1969 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை ஐபிஎம் மீது ஏகபோக எதிர்ப்பு வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஜூன் 23 அன்று அந்நிறுவனம், இனி நிரல்களில் ஒரு பகுதிக்கும் சேவைகளுக்கும் தனித்தனியே விலை வைக்கப்படும் என்று அறிவித்தது. நிரலை மட்டுமே விற்றுப் பிழைக்க முயன்ற சிறு நிறுவனங்கள் முன்பே சில இருந்தன என்றாலும், ஐபிஎம்மின் இந்த முடிவுக்குப் பிறகே அது தனித்தொழிலாகத் தலையெடுத்தது. டூக்கியின் கட்டுரைக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையே பதினோரு ஆண்டுகள். அத்தனை காலம் கழித்துத்தான் அந்தப் பொருள் தன் பெயருக்குள் இருந்த சொல்லுக்குத் தகுந்ததாக மாறியது.

நீங்கள் கேட்ட இதே கேள்வி நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையே விற்பனை வரி பற்றி எழுந்த வழக்கு அது. கடையில் குறுவட்டாகவும் நெகிழ்வட்டாகவும் விற்கப்படும் ஆயத்த மென்பொருள், தொட்டறிய முடியாத அறிவுச்சொத்து என்பதால் அது சரக்கு ஆகாது, எனவே விற்பனை வரி கிடையாது என்பது நிறுவனத்தின் வாதம். ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2004 நவம்பரில் தீர்ப்பு வழங்கியது. நிரலை ஓர் ஊடகத்தில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்து வாங்கவும் விற்கவும் முடிகிறது என்றால் அது சரக்குதான் என்று அந்த அமர்வு கூறியது. நீதிபதிகள் சொல்லாராய்ச்சிக்காக அமர்ந்தவர்கள் அல்லர். வரிச்சட்டத்தின் வழியே அவர்கள் வந்து சேர்ந்த முடிவு, பழைய ஆங்கிலத்து 'வாரு' சொன்னதோடு பொருந்திப்போகிறது.

வாசகி, கோயம்புத்தூர்: கைப்பேசியிலும் ரவுட்டரிலும் 'ஃபர்ம்வேர்' புதுப்பிப்பு என்று வருகிறதே, அது என்ன?

பதில்: வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்டதைக் குறிக்க வேண்டுமென்றே உருவாக்கிய சொல் அது. 'ஃபர்ம்' என்றால் உறுதியானது, எளிதில் அசையாதது. கடினத்துக்கும் மென்மைக்கும் நடுவில் நிற்பது. 'டேட்டாமேஷன்' இதழின் 1967 ஜனவரி வெளியீட்டில் ஆஷர் ஓப்ளர் இதை முன்வைத்தார். கணினியின் செயலகம் (புராசஸர்) தன் அடிப்படைக் கட்டளைகளை எப்படி நிறைவேற்ற வேண்டும் என்று உள்ளே எழுதி வைக்கும் நுண்நிரல்களையே அவர் மனத்தில் கொண்டிருந்தார். பின்னர் அதன் பொருள் விரிந்து, சாதனத்தின் சில்லில் நிலையாகப் பதித்து வைக்கும் நிரல் எதையும் குறிக்கலாயிற்று. தமிழில் நிலைப்பொருள் என்று எழுதுகிறார்கள். நல்ல ஆக்கம். இதே காலத்தைச் சேர்ந்த இன்னொரு சொல் 'மிடில்வேர்', அதாவது அடிப்படை மென்பொருளுக்கும் பயன்பாட்டு நிரல்களுக்கும் இடையே நிற்பது. ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய 1968ஆம் ஆண்டு மென்பொருள் பொறியியல் மாநாட்டின் அறிக்கையில் அது காணப்படுகிறது.

வாசகர், சிங்கப்பூர்: 'மால்வேர்', 'ரேன்சம்வேர்', 'ஷேர்வேர்' என்று இப்போது வரும் சொற்களிலும் இதே 'வேர்'தானா? இவற்றைத் தமிழில் எழுதும்போது பொருள் என்ற சொல்லை எல்லாவற்றிலும் சேர்ப்பது சரியா?

பதில்: எழுத்தில் இதே 'வேர்'தான்; பொருளில் அது நகர்ந்துவிட்டது. இந்த நகர்வைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பதால்தான் நாம் சில இடங்களில் இடறுகிறோம் என்று நினைக்கிறேன்.

1980களின் தொடக்கத்தில், நிரலைப் படியெடுத்துப் பிறருக்கும் கொடுங்கள், பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள் என்ற முறையில் சில அமெரிக்க நிரலாளர்கள் தம் ஆக்கங்களை வெளியிட்டார்கள். ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் அந்த முறைக்கு 'ஃப்ரீவேர்' என்று பெயர் வைத்து அதை வணிகமுத்திரையாகவும் ஆக்கிக்கொண்டார். 'பிசி-ரைட்' என்ற நிரலை எழுதிய பாப் வாலஸ் தம் வெளியீட்டை 'ஷேர்வேர்' என்று அழைத்தார். நிலைத்தது இந்தப் பெயர்தான். 1990இல் இஸ்ரேலியக் கணினி அறிஞர் இஸ்ரேல் ரடாய், தீங்கு செய்யும் நிரல்களுக்கு 'மால்வேர்' என்று பெயரிட்டார். இவற்றில் எதிலும் 'வேர்' என்பது சரக்கு இல்லை. 'சாஃப்ட்வேர்' என்ற முழுச்சொல்லின் வால் மட்டும் அறுந்து வந்து, தலையின் பொருளையும் தானே சுமக்கிறது. ஹாம்பர்க் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்த ஹாம்பர்கரில் 'பர்கர்' என்பதற்குத் தனிப்பொருள் இல்லாதிருந்தும், அதை மட்டும் பிய்த்து 'சீஸ்பர்கர்' என்று ஆக்கியதை இதற்கு இணையாகச் சொல்லலாம். இப்படிச் சொல்லிலிருந்து விடுபட்டுத் தனியே ஒட்டத் தொடங்கும் துண்டுகளுக்கு, மொழியியலாளர் ஆர்னால்டு ஸ்விக்கி 2010இல் 'லிப்ஃபிக்ஸ்' என்று ஒரு பெயரே வைத்தார்.

இனித் தமிழுக்கு வருகிறேன். வன்பொருள், மென்பொருள் என்ற இரண்டும் செவ்வையான ஆக்கங்கள். வன்மை, மென்மை என்ற இணையைக் கொண்டு உலகைப் பகுப்பது தமிழுக்குப் புதிதன்று: எழுத்துகளில் வல்லினமும் மெல்லினமும் உண்டு, மேட்டு நிலத்தை வன்புலம் என்றும் வயல் சார்ந்த நிலத்தை மென்புலம் என்றும் சங்கப் பாடல்கள் பிரித்துச் சொல்கின்றன. 'வேர்' என்பதற்குப் பொருள் என்ற சொல்லை எடுத்ததும் பொருத்தமே, ஏனெனில் பொருள் என்பது சரக்கையும் செல்வத்தையும் சேர்த்தே குறிக்கும். வன்கலன், மென்கலன் என்று எழுதியவர்களும் உண்டு. மண்கலம், பொற்கலம் என்பவற்றை நினைத்தால் அதிலும் நியாயம் தெரிகிறது; 'எர்தன்வேர்' என்பதற்கு மண்கலமே சரியான தமிழ். ஆயினும் கலம் என்றதும் ஏதேனும் ஒன்றைக் கொள்ளும் ஏனம் கண்முன் வருகிறது; நிரல் எதையும் கொள்வதில்லை. வழக்கில் பொருள் வென்றது நல்லதே.

'மால்வேர்' என்பதைத் தீம்பொருள் என்று எழுதுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. கேடு என்று பொருள்படும் தீம்பு என்ற சொல்லை அடியாக வைத்து அதை அமைத்திருக்கலாம். ஆனால் தீந்தமிழ், தீம்பால், தீஞ்சுவை என்று படித்துப் பழகிய தமிழ்க் காதுக்குத் தீம்பொருள் என்றால் இனிய பொருள் என்றே முதலில் கேட்கும். தீமையைச் சொல்ல வேண்டிய இடத்தில் வள்ளுவர் தீவினை என்கிறார், தீ நட்பு என்று ஓர் அதிகாரமே வைக்கிறார். அந்த வழியில் போய், தீப்பொருள் என்று ஆக்கினாலோ நெருப்போடு மயங்கும். ஆங்கிலத்தில் 'வேர்' சரக்கு என்ற பொருளை இழந்து நிரல் என்ற பொருளுக்கு வந்துவிட்டபோது, நாமும் பொருளை விட்டு நிரலைப் பிடிப்பதுதான் தெளிவு. நிரல் என்பதற்கு வரிசை, ஒழுங்கு என்பது பழம்பொருள். நிரல்நிறை என்ற அணியில் அதைப் பார்க்கலாம். வரிசையாக அடுக்கிய கட்டளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. ஆகவே 'மால்வேர்' என்பதற்குத் தீநிரல், உளவு பார்க்கும் 'ஸ்பைவேர்' என்பதற்கு உளவுநிரல், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் 'ரேன்சம்வேர்' என்பதற்குப் பணயநிரல், 'ஷேர்வேர்' என்பதற்குப் பகிர்நிரல் என்று எழுதும்படி மாணவர்களையும் இதழாளர்களையும் கேட்டுக்கொள்வேன். மென்பொருள், வன்பொருள், நிலைப்பொருள் மூன்றும் இப்போது இருக்கிறபடியே இருக்கட்டும்.